பங்கு போன பால்மா

“…அதோடை இது பிரான்சுச் சாமான் அண்ணை, கண்ணை மூடிக்கொண்டு பிள்ளைக்குக் குடுக்கலாம்,” என்று சொல்லியபடி, பக்கத்து வீட்டுத் தங்கச்சி வெறும் பால்மாத் தகரப் பேணியை வேலிக்கு மேலால் நீட்டினாள். வள்ள இயந்திரத்தின் ஆணிகளைப் போட்டு வைக்க நான்தான் கேட்டிருந்தேன். அவளுடைய இடுப்பில் இருந்த ஏழு மாதப் பிள்ளை என் கண்ணாடியைப் பறிக்கப் பார்த்தது.

பேணி வெறுமையாகிவிட்டதென்றால் மா முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. வேலணையில் எங்கள் பக்கம் வெளிநாட்டுப் பார்சல் வந்தால் பொழுதுபடுமுன் பங்கு போய்விட வேண்டும். தனியே வைத்துக்கொண்டால், ‘அவைக்கு எப்பிடித்தான் தொண்டையாலை இறங்குதோ’ என்று ஊர் கேட்கும். அவளுடைய தம்பி பிரான்சிலிருந்து கப்பலில் போட்ட பெட்டி முதல் நாள்தான் வந்திருந்தது. பாதி மாவைத் தன் போத்தலில் கொட்டிக்கொண்டு, மீதியைப் பொலித்தீன் பையில் கட்டி, அன்றைக்கே நெடுந்தீவுக்குப் போகும் லோஞ்சிப் படகில், அங்கே இருக்கும் அக்காவுக்கு அனுப்பிவிட்டாள். அக்காவுக்கும் கைப்பிள்ளை.

பேணியைக் கழுவப்போனபோது அடியில் கறுப்புப் புள்ளிகளாலான ஒரு சதுரத்தைக் கண்டேன். பள்ளிக்கூடம் என்னை எட்டாம் வகுப்போடு விட்டுவிட்டது. அதன்பிறகு படித்ததெல்லாம் ஆட்களின் வாயைப் பார்த்தும் போனைத் தட்டியும்தான். இதையும் போனில் பிடித்துப் பார்த்தேன். ஏதாவது விளம்பரம் வரும் என்று நினைத்தேன். கம்பெனிக்காரனின் பக்கம் சிவப்பாக வந்தது. எல்லாம் பிரெஞ்சு. தமிழில் சொல் என்று போனிடமே கேட்டேன்.

‘இந்தத் தொகுதியில் கிருமி கண்டறியப்பட்டுள்ளது. குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம்.’

கீழே தொகுதி இலக்கம் இருந்தது. பேணியின் அடியில் அடித்திருந்த இலக்கத்தோடு விரல் வைத்து ஒவ்வொன்றாய் ஒத்துப் பார்த்தேன். ஒன்றும் பிசகவில்லை.

பிற்பாடு விசாரித்துத்தான் முழுவதும் விளங்கியது. பார்கோடு என்கிற பழைய கோட்டுக் குறிக்குச் சாமானின் பெயர்தான் தெரியும். நல்ல பேணிக்கும் கெட்ட பேணிக்கும் ஒரே கோடுகள்தான். இந்தச் சதுரத்துக்கு எந்தத் தொகுதி, எந்தத் திகதி என்பதும் தெரியும். திரும்பப் பெறச் சொன்ன தொகுதி என்றால் கடை இயந்திரமே விற்க மறுக்கும்படி செய்யலாமாம். தம்பி வாங்கிய நாளில் அந்த எச்சரிக்கை வரவில்லை. பெட்டி கடலில் மிதந்த நாட்களில் வந்திருக்கிறது. வீட்டுக்கு வந்த பிறகும் சதுரம் அதைச் சொல்லிவிட்டது. ஆனால் அது சொன்னது வெறும் பேணியில் இருந்துகொண்டு. மாவோ போத்தலிலும் பையிலும். பொலித்தீன் பையைப் போனில் பிடித்தால் அது என்னத்தைச் சொல்லும்?

படலையைச் சுற்றிப் போகப் பொறுமையில்லை. வேலியைப் பிரித்துக்கொண்டு ஓடினேன்.

“பிள்ளைக்குக் குடுத்தனியோ?”

“இல்லை அண்ணை, பழைய மா முடியட்டும் எண்டு வைச்சிருக்கிறன். ஏன், பேணியை வாங்கிப்போட்டு இப்ப மாவிலையும் பங்கு கேக்க வந்தனீங்களோ?” என்று சிரித்தாள்.

போனைக் காட்டினேன். வாசித்தாள். சிரித்த வாய் மூடவேயில்லை.

“பிரான்சிலையுமோ அண்ணை இப்பிடி?”

“அங்கையும் மனுசர்தானே பிள்ளை செய்யினம். முதல்லை கொக்காவுக்குப் போன் எடு.”

எடுத்தாள். மாவில் கிருமி, பிள்ளைக்குக் குடுக்காதே என்று கத்தினாள். அக்காவின் குரல் முற்றம் முழுக்கக் கேட்டது.

“விசரே உனக்கு, இப்பிடிக் கத்துறாய்? என்ரை பிள்ளைக்கு இன்னும் குடுக்கேல்லை. இஞ்சை தீவின்ரை மேற்குப் பக்கத்திலை ஒருத்திக்குப் பால் வத்திப்போச்செண்டு அரைவாசியை அவளுக்குக் குடுத்தனான். அவள் நேற்றுப் பின்னேரத்திலையிருந்து அதைத்தான் கரைச்சுக் குடுக்கிறாள்.”

“அந்தப் பிள்ளைக்கு எத்தினை மாதமக்கா?”

“மாதமோ? பதினெட்டு நாளடி.”

தங்கச்சி கத்தினாள். “அவளுக்குப் போன் எடு! இப்ப எடு!”

“அவளிட்டை ஏதடி போன்? பொறு, சைக்கிளை எடுக்கிறன்…”

அதோடு லைன் அறுந்தது. திரும்ப எடுத்தாள். மணியே போகவில்லை. இன்னொரு தடவை எடுத்தாள். அதுவும் அப்படித்தான்.

“கொக்கா போறாதானே,” என்றேன். “நீ போய்ச் சேர எத்தினை மணித்தியாலம் செல்லும்?”

“என்ரை கையாலை போனதெல்லே அண்ணை.”

பிள்ளையை என் நெஞ்சில் வைத்து அழுத்தினாள். செருப்புக்கூடப் போடவில்லை. வீட்டில் நின்ற உடுப்போடு ரோட்டுக்கு ஓடி, நடுவில் கையை விரித்து நின்று, நெடுந்தீவு லோஞ்சி புறப்படும் குறிகட்டுவான் துறைக்குப் போகும் பஸ்ஸை மறித்து ஏறினாள்.