ஜெப நேரத்தில் வலது காது

ஒரு வருடத்துக்கும் மேலாக, எங்கள் வீட்டு ஜெப நேரத்தில் நான் ரகசியமாகப் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தேன். வலது காதில் மட்டும். மனைவி என் இடது பக்கம் உட்காருவாள் என்பதால்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துச் சொன்னால் போகிற போக்கில் உங்களுக்கு என் மேல் கொஞ்சம் அனுதாபம் வந்துவிடும். அதற்கு நான் தகுதியானவன் இல்லை.

தோஹாவில் வேலை பார்க்கும் மகன் ஒரு கிறிஸ்துமஸுக்கு வரும்போது வாங்கி வந்தது அந்த இயர்பட்ஸ். வயர் கிடையாது. மாத்திரை டப்பா மாதிரி ஒன்று, அதற்குள் இரண்டு வெள்ளை மொச்சைக்கொட்டைகள்.

"டப்பாவுல வச்சா தானா சார்ஜ் ஆயிடும்ப்பா. ரெண்டு தட்டு தட்டினா பாட்டு நின்னுடும். வேற ஒண்ணும் இல்ல" என்றான். முப்பத்து நான்கு வருடம் கல்லூரியில் கெமிஸ்ட்ரி நடத்தியவனுக்கு அரை நிமிடத்தில் பாடம் முடிந்தது.

எங்கள் வீடு பொறையாற்றில். காலையில் தரங்கம்பாடி கடற்கரை வரை நடப்பது வழக்கம். மறுநாள் அதை மாட்டிக்கொண்டு நடந்தேன். நாகஸ்வரத்தில் தோடி. கடற்கரைக்குப் போய்ச் சேரும்போது வாசிப்பவர் கீழ் ஸ்தாயியில் இருந்தார். அலை எழுந்து விழுந்தது… சத்தம் இல்லை. வலை இழுக்கிறவர்களின் வாய் அசைந்தது… சத்தம் இல்லை. ராகம் மேலே ஏற ஏற, கோட்டைச் சுவரில் வெளிச்சமும் கூடவே ஏறியது. அன்றைக்குச் சூரியன் என் காதுக்குள்ளிருந்துதான் உதித்தது என்று எழுதினால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். எனக்கு அப்படித்தான் இருந்தது.

பஸ்ஸில் போனால் இன்னும் விசேஷம். ஜன்னலுக்கு வெளியே நடவு நடக்கும். தண்ணீரில் வானம் கிடக்கும். பெண்கள் வரிசையாகக் குனிந்து, ஒவ்வோர் அடியாகப் பின்னால் நகர்வார்கள். என் காதில் மிருதங்கம். அவர்கள் தாளம் தப்பாமல் கால் எடுத்து வைப்பதுபோல் இருக்கும். கரையிலிருந்து வீசுகிற நாற்று முடி காற்றில் பறந்து வந்து சேற்றில் விழுவதுகூடத் தாளத்தின் முதல் அடியில், 'சம'த்தில் வந்து விழும்.

அந்த வயலில் யாருக்கு முதுகு வலி, யார் யாரோடு பேச்சு இல்லை… அதெல்லாம் எனக்கு எங்கே கேட்டது? கேட்காததால்தானே எல்லாம் அவ்வளவு அழகாக இருந்தது! இது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

முதலில் வெளியே போகும்போது மட்டும் மாட்டினேன். பிறகு பேப்பர் படிக்கும்போது. பிறகு சாப்பிடும்போது. போன் வந்து பாட்டைக் கெடுக்கிறது என்று, அழைப்புகளைச் சத்தமில்லாமல் அடைத்து வைக்கும் வித்தையையும் கற்றுக்கொண்டேன். கடைசியில் ஜெப நேரம்.

எங்கள் வீட்டில் சாயங்காலம் ஏழு மணிக்குப் பாய் விரிப்போம். ஒரு கீர்த்தனை, வேதத்திலிருந்து ஒரு சங்கீதம், அப்புறம் கிரேஸ் கண்ணை மூடி ஜெபிப்பாள். அவள் பள்ளிக்கூட டீச்சராக இருந்தவள். தெருவுக்கே 'டீச்சரம்மா'. முடிவில் இரண்டு பேரும் ஆமென் சொல்வோம். என் வேலை அவ்வளவுதான்.

ஆனால் அந்த ஜெபத்தில் ஒரு சங்கதி உண்டு. கல்யாணமான புதிதில் நான் முன்கோபி. நேராக எதையாவது கேட்டால் எரிந்து விழுவேன். அதனால் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். என்னிடம் சொல்ல வேண்டியதை, என் காது கேட்க ஆண்டவரிடம் சொல்லிவிடுவாள்.

"ஆண்டவரே, மழை வர்றதுக்குள்ள பின்கதவுத் தாழ்ப்பாளுக்கு ஒரு வழி காட்டும்" என்பாள். மறுநாள் காலையில் நான் ஆசாரியைத் தேடிப் போவேன். "இவருடைய அக்கா வீட்டுக்குப் போகும்போது என் வாய்க்குக் காவல் வையும்" என்பாள். போக அவளுக்கு இஷ்டமில்லை என்று புரிந்துகொண்டு நான் மட்டும் போய் வருவேன். அவளும் கேட்டதாகக் காட்டிக்கொள்ள மாட்டாள், நானும் செய்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டேன். மேலே போகும் கடிதத்தில் எனக்கு ஒரு காப்பி. நாற்பத்தோரு வருடக் குடும்பம் இந்தத் தபாலில்தான் ஓடியது.

அந்தத் தபாலைத்தான் நான் பிரிக்காமல் போட்டுவைத்தேன். வலது காதில் பாட்டை ஏற்றினால் இடது காதில் அவள் குரல் வெறும் முணுமுணுப்பாகிவிடும். உதடு நின்றதும் ஆமென் சொல்வேன். ஒரு நாள்கூடத் தப்பியதில்லை.

அவள் கண்ணில் புரை விழுந்திருப்பது எனக்குத் தெரியும். ஆபரேஷன் செய்ய வேண்டும் என்பதும் தெரியும். என்றைக்கு என்று தெரியாது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு, சீர்காழியில் பழைய சிநேகிதர் ஒருவரின் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வெள்ளை வேட்டி சட்டையோடு கிளம்பினேன். சொல்லிக்கொண்டு போகிற நல்ல பழக்கம் எனக்குக் கிடையாது. கிரேஸ் உள்ளே ஏதோ பையில் துணி எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். நான் காதில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

மதியச் சாப்பாடு முடிந்து போனை எடுத்தால் ஒன்பது மிஸ்டு கால், எல்லாம் கிரேஸ் நம்பரிலிருந்து. திரும்பக் கூப்பிட்டேன். எடுத்தது பக்கத்து வீட்டு மல்லிகா. தையல் மிஷின் வைத்திருக்கும் பெண்.

"எங்க சார் இருக்கீங்க?"

"சீர்காழி. கிரேஸ் எங்க?"

"ஆபரேஷன் முடிஞ்சு உக்காந்திருக்காங்க. மாயவரத்துல. காலையில வாசல் கேட்டு வரைக்கும் ஓடியாந்து ரெண்டு பேரும் கத்துனோம் சார். கோலம் போட்டுக்கிட்டிருந்தவங்கல்லாம் எந்திரிச்சுப் பாத்தாங்க. நீங்க திரும்பவே இல்ல."

மாயவரம் கண் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று நினைவில்லை. வராந்தா பெஞ்சில் ஒரு கண்ணில் கட்டோடு கிரேஸ். மல்லிகா மடியில் ஃபைல். மேலாக இருந்த தாளில், துணைக்கு வந்தவர்: மல்லிகா. உறவு: தங்கை. நர்ஸ் கேட்டதும் கிரேஸ் யோசிக்காமல் அப்படி எழுதச் சொன்னாளாம்.

மல்லிகா டீ வாங்க எழுந்து போனாள்.

"ஏன் கிரேஸ், எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றேன். அந்த நேரத்திலும் என் குரலில் ஓர் அதட்டல் இருந்தது.

"சொன்னேனே."

"எப்ப?"

"ஞாயித்துக்கிழமை ஜெபத்துல. செவ்வாய்க்கிழமை காலையில வரச் சொல்லியிருக்காங்க, எனக்குப் பயமா இருக்கு, இவர் பக்கத்துல இருந்தாப் போதும்னு சொன்னேன். நீங்க ஆமென் சொன்னீங்க. என்னைக்கும் இல்லாம நல்லா சத்தமா சொன்னீங்க."

சொன்னேன்தான். அந்த நேரம் தோடி உச்சத்தைத் தொட்டிருந்தது.

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது: "மறந்துட்டேன்."

கிரேஸ் கட்டில்லாத கண்ணால் என்னை ஒரு முறை பார்த்தாள். பார்வை என் சட்டைப் பையில் வந்து நின்றது. துணிக்கு மேலே அந்த டப்பா புடைத்துக்கொண்டிருந்தது.

"மறந்துட்டீங்களா… சரி" என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலம் பாய் விரித்தபோது, "கொஞ்ச நாளைக்கு அவங்கவங்க மனசுக்குள்ளயே ஜெபிச்சுக்கலாம்" என்றாள். அவ்வளவுதான். சண்டை இல்லை, அழுகை இல்லை. கட்டுக்கு மேலே மாட்டியிருந்த கருப்புக் கண்ணாடிக்குப் பின்னால் மற்றக் கண் மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்றுகூட எனக்குத் தெரியாது. காதில் ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

பதினோரு நாள். ஒரு வருடம் அவள் குரலை நான் அடைத்து வைத்திருந்தேன். இப்போது அவளே அடைத்துக்கொண்டாள். என்னுடையதை இரண்டு தட்டு தட்டினால் திறந்துவிடலாம். அவளுடையதை எங்கே தட்டுவது?

பன்னிரண்டாம் நாள் நான் வாய்விட்டு ஜெபித்தேன். கர்த்தர் கற்பித்த ஜெபத்தைத் தவிர வேறெதுவும் சத்தமாகச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. வேர்த்துவிட்டது.

"ஆண்டவரே, இந்த நேரத்துல நான் ஒரு வருஷமா பாட்டு கேட்டுக்கிட்டிருந்தேன். கிரேஸ் உம்மிடத்துல பேசுறதெல்லாம் எனக்கும்தான்னு தெரிஞ்சே கேக்காம இருந்தேன். அன்னைக்கு மறந்துட்டேன்னு சொன்னது பொய். மறக்கல. அவ சொன்னது என் காதுல விழவே இல்ல. என்னை மன்னிக்கணும்… அவளும்."

அவளிடமிருந்து ஆமென் வரவில்லை. "சொட்டு மருந்து நேரமாச்சு" என்று எழுந்தாள்.

கட்டிலில் சாய்ந்துகொண்டாள். இமையைப் பிடித்துச் சொட்டு விட்டேன். பாதி கன்னத்தில் வழிந்தது. துடைத்தேன்.

"காதுல வச்சதுகூடப் போகட்டும்" என்றாள், கண்ணைத் திறக்காமல். "ஆஸ்பத்திரியில வச்சு மறந்துட்டேன்னீங்க பாருங்க."

மருந்துக் குப்பியை மூடி வைத்தேன்.

அப்புறம் ஒரு வாரம் நான் இயர்பட்ஸைத் தொடவில்லை. கூப்பிடாமலே போய் நின்றேன். காய் நறுக்கினேன். அவள் எழுந்தால் எழுந்தேன், உட்கார்ந்தால் உட்கார்ந்தேன். எட்டாம் நாள் காலையில் அவளே டப்பாவை எடுத்து என் கையில் வைத்தாள்.

"இதைப் போட்டுக்கிட்டு நடந்துட்டு வாங்க. சும்மா என் பின்னாலயே சுத்துனா எனக்கு மூச்சு முட்டுது."

கடற்கரைக்குப் போனேன். பாட்டு அதே பாட்டுதான். ஆனால் கொஞ்ச நேரத்துக்கொரு முறை கழற்றிக் கழற்றிப் பார்த்தேன்… யாராவது கூப்பிடுகிறார்களோ என்று. யாரும் கூப்பிடவில்லை. அலை மட்டும் ஓயாமல் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் கிரேஸ் வாய்விட்டு ஜெபித்தாள்.

நாட்டுக்காக, மழைக்காக, தோஹாவில் இருக்கும் பிள்ளைக்காக. அப்புறம்: "அடுத்த மாசம் பத்தாந்தேதி இன்னொரு கண்ணுக்கும் வரச் சொல்லியிருக்காங்க ஆண்டவரே. அன்னைக்கு மல்லிகாவுக்குத் தையல் வேலை ஒண்ணும் வராம பாத்துக்கொள்ளும்."

ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. இரண்டு காதிலும்.

நான் ஆமென் சொன்னேன். மெதுவாக.

பத்தாம் தேதி காலையில் டப்பாவை வீட்டில் வைத்துவிட்டு, இருவருக்கும் முன்னதாகப் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன்.

"நீங்க எங்க?" என்றாள் கிரேஸ்.

"மாயவரம். ஒரு வேலை இருக்கு."

"எங்களுக்கும் அங்கதான் சார் வேலை" என்றாள் மல்லிகா. சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

மூன்று டிக்கெட் எடுத்தேன். பெண்கள் இருவருக்கும் முன்னால் இடம் கிடைத்தது. எனக்குக் கடைசி சீட்டுப் பக்கம் கம்பிதான். பஸ் கிளம்பியதும், கூட்டத்தில் நான் இருக்கிறேனா என்று பார்க்க அவள் ஒரு முறை திரும்பினாள்.

மாயவரம் வரைக்கும் அந்த ஒரு முறைதான்.