கல்லறைத் தோட்டத்தில் பேரலல் பார்க்கிங்

என் மனைவிக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த குரு நான்தான். பொய். அவள் ஓட்டினாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து, என் பக்கம் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டில். கார் இல்லாவிட்டால் கொத்தமல்லிக் கட்டுகூட வாங்க முடியாது. அவளுக்குக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு டேகேரில் வேலை கிடைத்திருந்தது. லைசென்ஸ் எடுத்தால்தான் சேரலாம். ஏற்கெனவே போன இரண்டு டெஸ்ட்டிலும், கம்பங்களுக்கு நடுவே ரிவர்ஸில் ஓரமாக நிறுத்திக் காட்டும் பேரலல் பார்க்கிங்கில் கம்பத்தை இடித்துத் தள்ளினாள். மறுநாள் மூன்றாவது டெஸ்ட்.

ஹூஸ்டன் நடுவில் விக்டோரியா மகாராணி காலத்துக் கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. ஓக் மர நிழல், வளைந்து போகும் குட்டிச் சாலைகள், சிறகு உடைந்த பளிங்குத் தேவதைகள், அவர்கள் தலைக்குப் பின்னால் டவுன்டவுன் கட்டடங்கள். ஹாரன் சத்தமே கிடையாது. சும்மா சுற்றிப் பார்க்கவே ஜனங்கள் வருகிறார்கள்.

"சுடுகாட்டுலயா பிராக்டிஸ்?" என்றாள்.

"இங்க யாரை இடிச்சாலும் கேஸ் ஆகாது. ஓட்டு."

கேட்டுக்குள் நுழைந்து கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். பின்னால் வரிசையாகக் கார்கள், பட்டப்பகலில் ஹெட்லைட்டோடு. முன்னால் போனவையும் அப்படியே. யாருடைய சாவு ஊர்வலத்திலோ நடுவில் மாட்டிக்கொண்டோம். கறுப்புக் கோட்டுக்காரர் ஒருவர் எங்களையும் துக்கத்துக்கு வந்தவர்கள் என்று நினைத்துக் கைகாட்டினார்: சாலையோரம், அந்த இரண்டு கார்களுக்கு நடுவே நிறுத்துங்கள்.

"ஐயோ, என்னால முடியாதுங்க."

"நான் சொல்றேன், ஸ்டியரிங்கை லெஃப்ட்ல..."

"நீங்க கொஞ்சம் வாயை மூடுங்க."

மூடினேன். அவள் திரும்பிப் பார்த்தாள், மெதுவாக ஒடித்தாள், நேராக்கினாள். கார் ஓரக்கல்லை ஒட்டி அழகாக நின்றது.

நான் கைதட்டிவிட்டேன். கண்ணாடி இறங்கியிருந்தது. கறுப்பு உடைக்காரர்கள் மொத்தமும் திரும்பினார்கள்.

அசடு வழிய இறங்கிக் கைகூப்பி நின்றேன். தொப்பி போட்ட வயதான அம்மா ஒருவர் வந்து, என் அண்ணன் உங்களுக்கு எப்படிப் பழக்கம் என்று ஆங்கிலத்தில் கேட்டார். பள்ளிக்கூடத்துப் பக்கமே ஒதுங்காதவன் நான். என் இங்கிலீஷ் கால்வாசி வாய், மிச்சம் கை.

"மேடம், மை வைஃப், டுமாரோ டெஸ்ட்..." என்று காற்றில் ஸ்டியரிங்கை ஒடித்துக் காட்டினேன். அவர் ஈரக் கண்ணோடு சிரிக்க ஆரம்பித்திருந்தார். முதல் கம்பம் விழுந்த கட்டத்துக்கு வந்தபோது காரிலிருந்து அடங்கிய குரல்:

"என்னங்க! அங்க என்ன கதை? கை மறக்கறதுக்குள்ள இன்னொரு வாட்டி போட்டுப் பாக்கணும். வந்து ஏறுங்க!"