ஐந்தாவது பக்கெட்டுக்குப் பிறகு

துபாய்க்குப் பக்கத்தில், ராஸ் அல் கைமாவில் ஒரு கல் குவாரியில் ஷவல் ஓட்டுகிறேன். ஊரில் சொன்னால் "ஜேசிபியா?" என்பார்கள். இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. ஜேசிபிக்குப் பின்னால் தோண்டுகிற கை இருக்கும். ஷவலுக்குக் கிடையாது. முன்னால் பெரிய பக்கெட், ஆள் உயர டயர் நாலு, நடுவில் ஒரு இடுப்பு. ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டியே இடுப்பில் மடங்கித் திரும்பும். குவிந்து கிடக்கிற ஜல்லியை அள்ளி லாரியில் கொட்டுவதுதான் அதன் வேலை.

பக்கெட்டைத் தரையோடு வைத்துக் குவியலுக்குள் நுழைய வேண்டும். நுழைந்ததும் தூக்கிக்கொண்டே சுருட்ட வேண்டும். சும்மா முட்டிக்கொண்டு நின்றால் டயர்தான் தேயும். நிறைந்த பக்கெட்டைத் தாழ்வாக வைத்துக்கொண்டுதான் பின்னால் வர வேண்டும். உயரத் தூக்கியபடி திரும்பினால் வண்டி சாயும். லாரியை நெருங்கின பிறகுதான் தூக்குவது. ஒரு லாரிக்கு ஐந்து பக்கெட். ஐந்தாவதைக் கொட்டியதும் நான் ஒரு ஹாரன் அடிப்பேன். போ என்று அர்த்தம். தூசியில் எவன் முகமும் எவனுக்கும் தெரியாது. எங்கள் குவாரியில் பேச்சே ஹாரன்தான்.

என்னிடம் லோடு எடுக்கிற லாரிகளில் ஒன்றை ஓட்டியவர் திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி. ஒரு கோடையில் அவர் ஹாரனுக்கு நகராமல் நிற்க ஆரம்பித்தார். இரண்டு அடித்தாலும் நிற்பார். பின்னால் வரிசை கத்தும். தூங்குகிறார் என்று நினைத்து வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன்.

ஒருநாள் லோடு பாதியில் இருக்கும்போது தன் லாரி டயரைப் பார்க்க இறங்கி, என் வண்டிக்குப் பின்னால் நடந்தார். ஷவல் பின்னால் வரும்போது கீ கீ என்று கத்தும். செத்தவன்கூட எழுந்து ஓடுவான். அவர் ஓடவில்லை. கண்ணாடி ஓரத்தில் அவருடைய மஞ்சள் தொப்பி தெரிந்தது. பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்ற இடத்துக்கும் அவர் முதுகுக்கும் ஒரு கை தூரம்.

இறங்கிப் போய்க் கத்தினேன். "யோவ், சாகணும்னா வேற வண்டி பாருய்யா! என் டயர்ல ஏன் வந்து விழுற?"

"கத்தாதல, கேக்கு," என்றார். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு என்னமோ உறைத்தது. முதுகைத் திருப்பிக்கொண்டு, "அண்ணாச்சி, ஒங்க வண்டி தீப்பிடிச்சு எரியுது," என்றேன். திரும்பிப் பார்த்தேன். அவர் அசையவில்லை.

என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. "சொல்லிராதல," என்றார். "லாரிய விட்டு எறக்கிருவான். வேற என்ன தெரியும் எனக்கு?"

சொல்லவில்லை. வண்டியை விட்டு இறங்கக் கூடாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னேன். ஹாரனுக்குப் பதிலாக, ஐந்தாவதைக் கொட்டிய பிறகு காலி பக்கெட்டை முன்னும் பின்னுமாக இரண்டு தடவை ஆட்டினேன். தலையாட்டுவது போல இருக்கும். அவர் கண்ணாடியில் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கிக் காட்டிப் போவார். அத்தனை டன் இரும்பைக் கொண்டு ஒரு மனிதனிடம் மெதுவாகப் பேச முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. மற்ற டிரைவர்கள் சிரித்தார்கள். "என்னப்பா, அண்ணாச்சிக்கு மட்டும் டான்ஸா?"

ஒரு மாதம் இப்படி ஓடியது. அப்புறம் எனக்கு லீவு வந்தது. என் சீட்டில் வேறு ஆள் உட்காருவான். அவனுக்கு இது தெரியாது. அவர் மறந்துபோய் ஒரு தடவை இறங்கினால் முடிந்தது.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?" என்று கேட்டேன்.

"நீயெல்லாம் ஒரு மனுசனால?" என்றார். இரண்டு நாள் என் பக்கம் திரும்பவில்லை. பக்கெட்டை ஆட்டினால் கை தூக்காமல் போனார். மூன்றாம் நாள் காலையில் ஃபோர்மேன் ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டு, "வா, ஒருத்தனா போவ முடியல," என்றார்.

ஃபோர்மேன் மலையாளி. கேட்டுவிட்டு என்னைத்தான் பார்த்தார். "ஒரு மாசமா உன் பக்கெட்டு தல ஆட்டுது. எனக்குக் கண்ணு இல்லன்னு நெனச்சியாடா?"

தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார். அடிக்கலாம் போல வந்தது. நானும் அதைத்தானே செய்தேன்.

லீவு முடிந்து வந்தபோது அண்ணாச்சி எடைமேடைக் கூண்டில் சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு காதில் மெஷின். டாக்டர் லாரி வேண்டாம் என்று எழுதிவிட்டாராம். "ஒக்காந்து ஒக்காந்து தொந்தி வச்சிட்டு. எல்லாம் ஒன்னால," என்றார். சிரிக்கவில்லை. ஆனால் டீயில் பாதியை பிளாஸ்க் மூடியில் ஊற்றி என் பக்கம் தள்ளினார்.

டீசல் போடப் போகும்போது அந்தக் கூண்டைத் தாண்டித்தான் போக வேண்டும். ஹாரன் அடித்தால் இப்போது அவருக்குக் கேட்கும். நான் அடிப்பதில்லை. வண்டியை நிறுத்தி, பக்கெட்டைத் தூக்கி, இரண்டு தடவை ஆட்டுகிறேன். சில நாள் பார்க்காதது போல இருப்பார். சில நாள் ஜன்னலுக்கு வெளியே கை மட்டும் வரும்.