ஒரே ஒரு பெயரை மாற்றச் சொன்னார்

திருமூர்த்தி அண்ணன் போய்விட்டார்.

மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில், கோத்தகிரி பஸ்ஸில், ஜன்னல் சீட்டில்... தூங்குகிறார் என்று நினைத்துக் கண்டக்டர் டிக்கெட்டுக்குத் தட்டி எழுப்பியிருக்கிறார். ஹார்ட் அட்டாக் என்கிறார்கள்.

தோளை விட்டு இறங்காத அந்தக் காக்கிப் பையை மட்டும் காணோமாம்.

உங்களில் பாதிப் பேருக்கு அவரைப் பயண எழுத்தாளராகத் தெரியும். மீதிப் பாதி அவரைத் திட்டிக் கமெண்ட் போட்டவர்கள்தான். எனக்கு அவர் கஸ்டமர். கணபதி ஏரியாவில் இருக்கும் என் டிடிபி கடையில்தான் அவருடைய ஏழு புத்தகங்களும் டைப் ஆகின.

தேங்காய் லோடு லாரியில் ஏறி அசாம் வரை போன மனுஷன். மலேரியாவும் மூன்று நோட்டுகளுமாகத் திரும்பி வந்தார். சொந்தக் கதை எழுதியபோது, பங்காளி காட்டு எல்லைக்கல்லை அவர் அப்பாவே நகர்த்தியதைக்கூட விடவில்லை. அதிலிருந்து சொந்தக்காரர்கள் ஒரு விசேஷத்துக்கும் கூப்பிடுவதில்லை.

"கல்யாணச் சோறுதான் போச்சுங்க அம்மணி, வேற ஒண்ணுமில்லீங்க," என்று சிரிப்பார்.

அவருக்கு ஒரு வழக்கம். நோட்டில் எல்லார் பெயரும் நிஜப் பெயர்தான். கடைசியில் ஒரு துண்டுச் சீட்டு தருவார்... இடப்பக்கம் நிஜப் பெயர், வலப்பக்கம் மாற்ற வேண்டிய பெயர். நான் கம்ப்யூட்டரில் மாற்றி முடித்ததும் சீட்டை வாங்கி, குடித்து மிச்சம் வைத்த டீயில் முக்கிக் கசக்கிப் போட்டுவிடுவார்.

"இது நம்ம ரெண்டு பேருக்குள்ளயே இருக்கோணும்."

ஆனைமலைக் காட்டைப் பற்றிய புத்தகம் ஞாபகம் இருக்கிறதா? தேக்கு கடத்தும் தடத்தை அவருக்குக் காட்டிய மலைக்காரர். புத்தகத்தில் அவர் பெயர் மாரி. நிஜப் பெயரை இப்போதும் எழுத மாட்டேன்.

படங்கள் தனி ஃபைலில் இருந்தன. ஆவணி முகூர்த்த சீசன், கல்யாணப் பத்திரிகைக்காரர்கள் கடை வாசலில் நிற்கிறார்கள்... உள்ளே எல்லாப் பக்கத்திலும் பெயரை மாற்றினேன். ஒரு போட்டோவுக்குக் கீழே மாற்ற மறந்துவிட்டேன். அவரும் புரூஃப் பார்த்தார், அவர் கண்ணிலும் படவில்லை. முதுகு மட்டும் தெரிகிற போட்டோ. கீழே நிஜப் பெயர்.

புத்தகம் வந்த மூன்றாவது வாரம் அந்த மனிதரைக் காணவில்லை. இன்று வரைக்கும் இல்லை.

புத்தகம் விற்க ஆளைக் காவு கொடுத்தவன் என்றார்கள். ஒரு கூட்டத்தில் செருப்பு வீசினார்கள். மைக் முன்னால் நின்று, "தப்பு என்னுதுங்க," என்றார். அதோடு சரி. ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன் நான். பாவி, வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் கடைக்கு வந்தபோது, "நான் உண்மையைச் சொல்லிப்போடறேனுங்கண்ணா," என்று அழுதேன்.

"சும்மா இருங்க அம்மணி. உங்களுக்குக் கடை இருக்குது, புள்ளைங்க இருக்குது. எனக்கென்ன, பஸ் ஏறிப்போட்டா ஆச்சு."

போன மாதம் எட்டாவது புத்தகத்தின் நோட்டுகளைக் கொண்டுவந்தார். மாரியைக் கூட்டிப்போனது யார், எந்த ஜீப்பில், யார் சொல்லி... எல்லாம் இருக்கிறது.

அந்த வாரத்திலிருந்து எனக்கு ஒரு போன்.

"ஏனுங்க அம்மணி, சௌக்கியமாங்க? அண்ணன் புஸ்தகம் எத்தனை பக்கம் ஆச்சுங்க?"

திட்டு இல்லை, மிரட்டல் இல்லை. வார்த்தைக்கு வார்த்தை 'ங்க'. மூன்றாவது தடவை கேட்டான், "புள்ளைங்க ஸ்கூல் வேன்லதானுங்களே போறாங்க?"

நம் ஊர் மரியாதையைக் கேட்டு நான் பயந்தது அன்றைக்குத்தான்.

அண்ணனிடம் சொன்னேன். எதற்கும் சிரிக்கிறவர் சிரிக்கவில்லை. "போனை எடுக்காதீங்க. சீக்கிரம் முடிச்சுப்போடுங்க அம்மணி," என்றார். அதுதான் கடைசிப் பேச்சு.

இன்று காலை சாவுச் செய்தியை எனக்கு முதலில் சொன்னது அவர் வீட்டார் இல்லை. அந்தக் குரல்தான்.

"அண்ணன் தவறிட்டாருங்க. ரொம்ப வருத்தமுங்க. இனி அந்த நோட்டெல்லாம் உங்களுக்கெதுக்குங்க... நாளைக்கு ஆள் அனுப்பட்டுங்களா?"

அதற்கு அப்புறம் அரை மணி நேரம் கழித்துத்தான் அவர் மகள் கூப்பிட்டாள்.

கடைசி நோட்டைப் பிரித்தேன். சீட்டு உள்ளேயே இருந்தது. இந்தத் தடவை ஒரே ஒரு பெயர். ஜீப்காரன் பெயரை மாற்றச் சொல்லவில்லை, அவனை அனுப்பிய முதலாளி பெயரையும் மாற்றச் சொல்லவில்லை.

இடப்பக்கம் சாந்தாமணி. வலப்பக்கம் கலா.

போட்டோ விஷயத்தை எழுதியிருக்கிறார். என்னை மட்டும் மறைத்துவிடச் சொல்லியிருக்கிறார்.

முடித்துவிட்டேன் அண்ணா. சாந்தாமணி என்றேதான் இருக்கிறது. மாரி வீட்டாருக்கும் சொல்கிறேன், போட்டோவுக்குக் கீழே அந்தப் பெயரை மாற்றாமல் விட்டவள் நான்தான். சீட்டை டீயில் முக்கவில்லை, கீழே போட்டோ எடுத்துப் போட்டிருக்கிறேன்.

ஃபைல் நான்கு பேரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. பிள்ளைகள் ஊரில் இல்லை. ஆள் அனுப்புகிற மரியாதைக்காரர் தாராளமாக அனுப்பட்டும், கடை ஒன்பதரைக்குத் திறந்திருக்கும்.

ஜன்னல் சீட்டாவது கிடைத்ததே...

போய்ட்டு வாங்கண்ணா.