பின்பாரமாக நின்றேன்

ஒரகடத்தில் எங்கள் ஷெட்டில் இன்று பாகங்கள் வார்க்கும் ஒரு இரும்பு அச்சு, பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிக்கு அடங்கவில்லை. தூக்கினால் வண்டியின் பின்சக்கரம் எழும்பியது.

ஓட்டுகிற சேகர் என்னைப் பார்த்தார். "அண்ணே, நீதான் நல்லா வெயிட்டா கீற. பின்னாடி ஏறி நின்னுக்கோ."

எல்லா ஷெட்டிலும் நடப்பதுதானே என்று ஏறினேன்.

அச்சு எழும்பியது. பின்சக்கரமும் எழும்பியது, அதன்மேல் நானும்.

குதிக்கப் பார்த்தேன். "எறங்காதண்ணே! நீ எறங்குனா வண்டி கவுந்துடும், நான் காலி!" என்று சேகர் அலறினார்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். அவர் மெல்ல அச்சை இறக்கினார். சக்கரம் தரையில் பட்ட பிறகுதான் கம்பியை விட்டேன்.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"ஒரு ஆளு பத்தல. இன்னொருத்தரையும் ஏத்திக்கோ."

நாளைக்கு லீவு சொல்லிவிட்டேன். என்னைவிட எடை கூடிய நண்பர்கள் யாராவது கமெண்ட்டில் இருக்கிறீர்களா?