மிஸ் வராத காலை

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், கல்லூரி என்று பேர் வைத்த பள்ளிக்கூடத்தின் மேல்மாடி அறையை அமைத்தது யார் என்று கேட்டால், இன்று ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். அமைத்தவன் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, கொட்டாஞ்சேனையில் ரேடியோ திருத்தும் கடையொன்றில் தொழில் பழகி, அதே தெருவில் சொந்தக் கடை போட்டு ஏழெட்டுப் பேருக்குச் சம்பளம் கொடுத்தவன். படித்தவர்கள் என்னைத் தேடி வந்தார்களே தவிர, நான் யாரையும் தேடிப் போனதில்லை.

அறைக்குச் சுயகற்றல் நிலையம் என்று பெயர். அங்கே யாரும் பாடம் நடத்த மாட்டார்கள். பிள்ளைகள் தாங்களே வந்து, வேண்டிய கசெட்டைப் போட்டு, ஹெட்போனை மாட்டி ஆங்கிலம் கேட்கலாம். கம்ப்யூட்டரில் தட்டிப் பழகலாம். யோசனை, ஆங்கிலம் படிப்பித்த மிஸ் ஒருவருடையது. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து, மட்டக்குளியில் தங்கை வீட்டில் இருந்தவர். வெளிநாட்டிலிருந்த பழைய மாணவர்களை நச்சரித்து நச்சரித்தே அந்தச் சாமான்களை எல்லாம் வரவழைத்தார். அவற்றுக்கு உயிர் கொடுத்தது என் கை.

வயர், பற்றரி, கறுப்புப் பெட்டி. சண்டை நடந்த அந்த நாட்களில் ஒரு தமிழன் கையில் இருக்கவே கூடாத மூன்றும் என் ஓட்டோவில் இருந்தன. கொள்ளுப்பிட்டியில் மறித்தார்கள். இது என்னத்துக்கு என்று ஆமிக்காரப் பொடியன் கேட்டான். "இஸ்கோலெட்ட மஹத்தயா," பள்ளிக்கூடத்துக்கு ஐயா, என்றேன். நம்பவில்லை. ஹெட்போனை அவன் காதில் மாட்டி, பற்றரியைக் கொடுத்துக் கசெட்டைப் போட்டுவிட்டேன். துவக்கைத் தோளில் கொழுவிக்கொண்டு, வாயசைத்து வாயசைத்துக் கேட்டான். பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடித்த பிறகுதான் கழற்றித் தந்தான். என் வாகனத்தை அதற்குப் பிறகு அந்த இடத்தில் அவன் கிண்டிப் பார்த்ததே இல்லை.

சுவரோரமாகப் பலகைத் தடுப்புகள் வைத்து, ஒவ்வொருவருக்கும் தனி இடம் செய்தேன். முன்பக்கம் என் செலவில் ஒரு சின்ன மேடையும், தேக்கில் ஒரு கதிரையும். மிஸ் கதிரையைப் பார்த்துச் சிரித்தார்.

"அண்ணை, இஞ்ச படிப்பிக்கிற ஆள் இல்லை எண்டெல்லோ சொன்னனான்?"

"ஐயர் வீட்ட போனார் எண்டு மூலஸ்தானத்தை இடிக்கிறதா மிஸ்? இருக்கட்டும்."

இருந்தது. பிள்ளைகள் வந்தார்கள். தடுப்புக்குள் உட்கார்ந்து, தங்கள் கதிரைகளைத் திருப்பி, மேடையைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டினார்கள். மிஸ் போய் ஒவ்வொருவருக்கும் பட்டனை அமத்திவிட வேண்டும். கசெட் முடிந்தால் மறுபடி கையைக் கட்டுவார்கள். குண்டுச் சத்தத்துக்குள் இருந்து தப்பி வந்த பிள்ளைகள், ஒரு பட்டனைத் தொடப் பயந்தார்கள்.

இதைக் கேள்விப்பட்ட நிர்வாக சபைத் தலைவர் ஒரு தவணை, அதாவது மூன்று மாதம், கெடு வைத்தார். அதற்குள் பிள்ளைகள் தாங்களாகப் படிக்காவிட்டால், தடுப்புகளைக் கழற்றிவிட்டு அறையை டியூஷன் மாஸ்டர் ஒருவருக்குக் கொடுப்பதாக முடிவு. மாஸ்டர் ஏற்கனவே வந்து பிள்ளைகளை இருத்த வாங்கு போட அளவெடுத்துவிட்டுப் போயிருந்தார். மிஸ் வெளியே சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் இந்த அறை போனால் தானும் கல்லூரியை விட்டுப் போய்விடுவதாக என்னிடம் ஒருநாள் சொன்னார்.

தவணை முடியும் கிழமை தலைவர் பார்க்க வருவதாக இருந்தது. அன்று காலை நகரத்தில் எங்கேயோ குண்டுப் புரளி. ரோட்டை மூடிவிட்டார்கள். மிஸ்ஸின் பஸ் நடுவழியில் நிற்பதாகக் கல்லூரிக் கந்தோருக்கு ஃபோன் வந்தது. நான் ஹெட்போன் ஒன்று ஒரு காதுக்குக் கேட்கவில்லை என்று விடியவே வந்திருந்தேன். குனிந்து வேலை செய்தால் நாரி நோகும் என்று மேடையில் ஏறி, அந்தக் கதிரையில் உட்கார்ந்து ஸ்குரூவைக் கழற்றினேன். அவ்வளவு பேரும் எழுந்து நின்று, "குட் மோர்னிங் சேர்," என்றார்கள்.

"சேர் இல்ல. இந்த அறையைச் செய்தவன். இருங்க."

"அப்ப இண்டைக்கு என்ன செய்யிறது அங்கிள்?" என்று முன்னால் இருந்த பிள்ளை கேட்டாள்.

"எனக்கு எப்பிடித் தெரியும்? ஏபிசிடியே எனக்கு அரைவாசிதான். உள்ள ஒரு வெள்ளைக்காரன் புலம்பிக்கொண்டிருக்கிறான். என்ன சொல்லுறான் எண்டு கேட்டு எனக்கும் சொல்லுங்க."

அவள் பட்டனை அமத்தினாள். கொஞ்ச நேரத்தில், "அவர் ஸ்டேஷனில டிக்கட் கேக்கிறார் அங்கிள்," என்றாள். பக்கத்துப் பிள்ளையும் அதே கசெட்டைக் கேட்டுவிட்டு, "விசரி, வாங்கின டிக்கட்டைத் துலைச்சிட்டுத் தேடுறார்," என்றாள்.

"அங்கிள், ஆர் சரி?"

"நான் சொன்னா ரெண்டு பேரும் பெயிலாவீங்க."

திருப்பி ஓடவிட்டார்கள். மற்றவர்களும் தங்கள் தங்கள் வெள்ளைக்காரன் என்ன சொல்கிறான் என்று பார்க்கத் தொடங்கினார்கள். கதிரைகள் எல்லாம் சுவர்ப்பக்கம் திரும்பின. நான் என் ஸ்குரூவோடு இருந்தேன்.

தலைவர் டியூஷன் மாஸ்டரையும் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். ஒருவரும் எழும்பவில்லை.

"என்ன, மனுசர் வந்தது தெரியேல்லையோ?"

"காதில கருவி இருக்கு ஐயா."

"ஆர் படிப்பிக்கிறது? நீரோ?"

"எனக்குப் படிப்பிக்கத் தெரிஞ்சா நான் ஏன் ஐயா வயர் இழுக்கிறன்?"

அவர் உள்ளே போய், டிக்கட் சண்டை போட்ட பிள்ளைகளுக்குப் பின்னால் நின்றார். அதற்குள் அவர்கள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, சேர்ந்து கேட்கப் பெட்டியின் ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள். அவருக்கும் பொறுக்கவில்லை. "துலைஞ்சுதான் போச்சுது பிள்ளை," என்றார். டிக்கட் கேட்கிறார் என்றவள் திரும்பிப் பார்க்காமலே, "சொல்லாதேங்கோ, நான் கண்டுபிடிக்கிறன்," என்றாள்.

தலைவர் முகத்தில் கோபம் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மாஸ்டரின் முழங்கையைத் தொட்டு, "டியூஷனுக்குக் கீழ ஹோலைப் பாப்பம் மாஸ்டர்," என்று கூட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

மிஸ் வந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. பாதி வழி நடந்து வந்திருந்தார். முகத்தைப் பார்த்தால் தலைவருக்கு ஒரு பதிலைத் தயார்பண்ணிக்கொண்டு வந்தது தெரிந்தது. நான் படிக்கட்டிலேயே மறித்து நடந்ததைச் சொன்னேன். அவர் நம்பாமல் மேலே ஏறி, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே ஒவ்வொருவரும் ஒவ்வொன்றை முணுமுணுக்கும் சத்தம். எத்தனையோ கடைக்கு, எத்தனையோ ஒஃபீசுக்கு வயர் இழுத்திருக்கிறேன். அப்படி ஒரு சத்தத்தை வேறெங்கும் நான் கேட்டதில்லை.

"உள்ள வாங்க மிஸ்."

"வேண்டாம் அண்ணை. என்னைக் கண்டா நிப்பாட்டிப் போடுவினம்."

படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். நான் கீழே போய் இரண்டு பிளேன்டீ வாங்கி வந்தேன். கடற்கரை ரயில் போகும் சத்தம் அடங்கும்வரை டீயைக் குடித்துக்கொண்டிருந்துவிட்டு, மறுபடி உள்ளே காது கொடுத்தோம்.