கிராபிக்ஸ் கார்டுக்கு நான் வைத்த சந்தனப் பொட்டு

ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சம். ஆனால் மகன் விட்டுப்போன கம்ப்யூட்டரில் தினமும் விமானம் ஓட்டுவேன். தரையிறங்கும்போது படம் விட்டு விட்டு வரும். விமானம் கடலில் விழும். அதனால் படம் சீராக வர, புது கிராபிக்ஸ் கார்டு வாங்கினேன்.

புதுப் பொருளுக்குப் பொட்டு வைப்பது எங்கள் வழக்கம். மாட்ட வந்த மலையாளி மெக்கானிக் காபி குடித்தபோது, சொல்லக் கூச்சப்பட்டு, கம்ப்யூட்டர் பெட்டிக்குள் சொருகும் கார்டின் தங்க நிற ஓரத்தில் ரகசியமாகச் சந்தனம் வைத்தேன். அவர் கவனிக்காமல் மாட்டினார். திரையில் ஒன்றுமே வரவில்லை.

"பெட்டி பழசு, இனி ஆகாது" என்றார் அவர். போனில் மகன், "இந்த வயசுல பிளேன் எதுக்கும்மா? பழைய சாமான்காரனுக்குத் தூக்கிக் கொடுத்துரு" என்றான்.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "கொடுக்க மாட்டேன். பெட்டி மேல குத்தம் இல்ல. நான்தான் சந்தனம் வச்சேன். கழற்றிப் பாருங்க!" என்றேன்.

மெக்கானிக் கழற்றித் துடைத்து மாட்டினார். திரை வந்தது. "அம்மே, பொட்டு வெளியே வச்சா மதி, அது போதும், கேட்டோ" என்று சிரித்தார்.

இப்போது பொட்டு பெட்டிக்கு வெளியேதான். செய்ததைச் சொல்லவும் கூச்சப்படுவதில்லை. நேற்று மகன் கூப்பிட்டான். "அப்புறம் பேசு, பிளேனை இறக்கிட்டிருக்கேன்" என்று போனை வைத்துவிட்டேன்.